வேண்டாம் என்றொரு பெயர்

சில வருஷங்களுக்கு முன் ஆம்பூரில், ஷூ கம்பெனிப் பெண்களுக்குச் சம்பளக் கணக்கு துவக்கிக்கொண்டிருந்த ஒரு காலை. விண்ணப்பங்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றில், பெயருக்கான கட்டங்களில் ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. செக் புக் வேண்டாம் என்பதைத்தான் இடம் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆதார் நகலைப் பார்த்த பிறகே அதுதான் பெயர் என்று தெரிந்தது. கூப்பிட வாய் வரவில்லை. தகப்பனார் பெயரைச் சொல்லி, அவருடைய மகள் யாரும்மா என்று கேட்டேன். இருபத்தைந்து வயதிருக்கும், வந்து நின்றாள். ‘எம் பேரத்தான் எழுதிக் குடுத்திருக்கனே சார், அதச் சொல்லிக் கூப்புட வேண்டியதுதானே’ என்றாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். தெளிவான கையெழுத்து.

நான் செய்தது நாகரிகம் என்றே அன்று மாலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருத்தணி வட்டாரக் கிராமங்கள் சிலவற்றில் இந்தப் பெயர் அபூர்வமில்லை. வரிசையாகப் பெண்ணாகப் பிறந்துகொண்டிருந்தால் கடைசிப் பெண்ணுக்கு இதை வைப்பார்கள். அடுத்தது ஆணாகும் என்று நம்பிக்கை. தெற்கே போதும்பொண்ணு. சீனத்தில் ஜாவ்தீ என்று பெண்களுக்கு வைக்கிறார்கள். ‘தம்பியை அழைத்து வா’ என்று பொருள். பிறந்தவளுக்குப் பெயர் சூட்டும் சாக்கில் பிறக்காதவனைக் கூப்பிடுவது. அவள் அந்த வீட்டில் ஒரு கடிதம். விலாசம் வேறு ஒருவனுடையது.

பெயருக்குப் பொருள் கிடையாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் எழுதினார். அது ஒருவரைச் சுட்டும், அவரைப் பற்றி எதுவும் சொல்லாது. அவர் காட்டிய உதாரணம் டார்ட்மவுத் என்ற ஊர். டார்ட் நதியின் முகத்துவாரத்தில் இருப்பதால் வந்த பெயர். நதி திசை மாறிப்போனாலும் ஊருக்கு அதே பெயர்தான் இருக்கும் என்றார். இதைப் புரிந்துகொள்ள நாங்கள் இங்கிலாந்து வரை போகவேண்டியதில்லை. பாலாற்றங்கரையில் இருக்கிறோம். வருஷத்தில் பெரும்பகுதி மணல். தோல் ஷாப்புக் கழிவு அந்த ஆற்றை என்ன செய்தது என்பதை 1996இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பாக எழுதியாயிற்று. பஸ் நடத்துநர் இன்றும் பாலாறு என்றுதான் சொல்கிறார், யாரும் பாலைத் தேடுவதில்லை. மில் சொன்னது சரிதான், ஆற்றைப் பொறுத்த மட்டில். ஆறு தன் பெயரைக் காதால் கேட்பதில்லை.

பெண் கேட்கிறாள். அதிலும் இந்தச் சொல் அகராதியில் புதைந்து கிடக்கிற சொல் அல்ல. சாப்பாட்டு வேளையில், கடைத்தெருவில், பஸ்ஸில், யாரோ யாருக்கோ எதையோ மறுக்கும்போதெல்லாம் தன் பெயர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். லக்ஷ்மிக்கும் சரஸ்வதிக்கும் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் தயக்கமாயிருக்கிறது. என் பாட்டி பெயர் குப்பம்மாள். அவளுக்கு முன் பிறந்த மூன்றும் தக்கவில்லை. இவளைக் குப்பை மேட்டில் போட்டு எடுத்தார்கள். எமன் பார்த்தால் இது வீட்டுக்குத் தேவையில்லாத பண்டம் என்று எண்ணி விட்டுவிட்டுப் போகவேண்டும். தவிட்டுக்கு விற்று வாங்கியவர்களும், பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயர் பெற்றவர்களும் இந்த வகை. நைஜீரியாவில் யோருபா மக்கள், திரும்பத் திரும்பப் பிறந்து இறப்பதாக அவர்கள் நம்பும் குழந்தைக்கு மாலோமோ என்று வைக்கிறார்கள்: ‘இனிப் போகாதே’. அவர்கள் கெஞ்சுகிறார்கள், நாம் ஏமாற்றுகிறோம். பொய் நம்முடையது என்றாலும் அதில் இருந்தது பயம் கலந்த ஆசைதான். குப்பையும் வேண்டாமும் ஒரே ஜாதிச் சொற்கள். பின்னால் இருக்கும் மனம் நேர் எதிர். ஒன்று, வேண்டியதை வேண்டாததாகக் காட்டுகிறது. மற்றது உள்ளதைச் சொல்கிறது. எந்தப் பெயர் எது என்று வாக்காளர் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பெயரின் பொருள் சொல்லில் இல்லை, வைத்தவரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? அதுவும் போதாது. வைத்தவர் ஒருநாள் வைக்கிறார். அப்புறம் அதே தாய் ‘வேண்டாம், மழ வருது, உள்ள வாடி’ என்று ஆயிரம் தடவை கூப்பிட்டிருப்பாள். அந்தக் குரலில் மறுப்பு ஏது? வாயில் புழங்கப் புழங்க, படியைப் போல, பெயர் தேய்கிறது. கம்பெனியில் பக்கத்து மெஷின்காரிக்கு அது தோழியின் பெயர், அவ்வளவே. ஓர் அந்நியன் புதிதாகப் படிக்கும்போதுதான் பழைய அர்த்தம் எழுந்து உட்காருகிறது. அன்று அந்த அந்நியன் நான். எல்லோரும் அவளை அழைத்தார்கள். நான் ஒருவன்தான் அந்தச் சொல்லின் அர்த்தத்தைப் படித்து, அதன்படி, வேண்டாம் என்று ஒதுக்கினேன். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அவள் தகப்பன் செய்ததை ஒரு வங்கிக் குமாஸ்தா கண்ணியமாகத் திரும்பச் செய்தது போலாயிற்று.

இதனால் பெயரை மாற்றக்கூடாது என்று ஆகாது. மராட்டியத்தில் சதாரா மாவட்டத்தில் 2011இல் 285 பெண்களுக்கு அரசே விழா எடுத்துப் புதுப் பெயர் கொடுத்தது. அவர்களில் பலரும் நகுஷா, நகுஷி, அதுவும் வேண்டாதவள்தான். சிலர் சினிமா நடிகையின் பெயரை எடுத்துக்கொண்டார்களாம், எடுத்துக்கொள்ளட்டும். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டுக்குப் பிறகு இங்கே எத்தனையோ பேர் பெயரின் ஜாதி வாலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். அது தாங்களே செய்தது என்பதில்தான் அதன் கௌரவம். ‘பாவம், இந்தப் பெயரா’ என்று நாம் முகம் சுளித்து ஒருத்தியை மாற்ற வைப்பது வேறு. அரசிதழில் பெயர் மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது. அது அவளுக்கும் தெரிந்திருக்கும். மாற்றவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு என்ன உரிமை?

போன வருஷம் குழந்தைக்குக் கணக்கு துவக்க வந்தாள். பெண் குழந்தை, ஏதோ சீரியல் கதாநாயகியின் பெயர். காப்பாளர் என்ற இடத்தில் அவள் பெயர், அதே தெளிவான எழுத்தில். இந்தத் தடவை பெயரைச் சொல்லியே கூப்பிட்டேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த கவுண்டரில் நோட்டு எண்ணிக்கொண்டிருந்த கேஷியர் தனக்குச் சொன்னதாக நினைத்து எண்ணுவதை நிறுத்திவிட்டார்.