கைதவறுதல்

1

கைதவறி விழுந்துவிட்டது என்கிறோம். தவறியது கை, விழுந்தது டம்ளர். சொல்கிறவன் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. பட்டுவிட்டது, ஆகிவிட்டது, நேர்ந்துவிட்டது – கர்த்தா இல்லாமல் காரியம் முடிந்துபோகிற வாக்கியங்கள் நம்மிடம் ஏராளம். இவை பொய் என்று நான் சொல்லவரவில்லை. டம்ளரைக் கீழே போடவேண்டும் என்று யாரும் தீர்மானம் செய்து போடுவதில்லை. ஆனால் உண்மையான ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஒருவன் ஒளிந்துகொள்ள முடியுமா என்பது வேறு கேள்வி. எனக்கு இந்தக் கேள்வி ஒரு மவுஸ் மூலமாக வந்தது.

2020 பொதுமுடக்கத்தின்போது அலுவலகம் இரண்டு கணினிகளைச் சேலையூரில் என் வீட்டுக்கு அனுப்பிவைத்தது. மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்த்து ஏற்பதோ நிராகரிப்பதோ என் வேலை. ஒரு கணினியில் ஆஸ்பத்திரி பில்களின் பிரதிகள். இன்னொன்றில் முடிவைப் பதியும் படிவம். மேஜை சிறியது. இரண்டுக்கும் ஒரே மவுஸ், ஒரே கீபோர்டு போதும்படி ஒரு மென்பொருளையும் அவர்களே போட்டுத் தந்தார்கள். மவுஸ் செருகியிருப்பது முதல் கணினியில். அதன் திரையின் வலது ஓரத்தைச் சுட்டி தாண்டினால் இரண்டாவது திரையின் இடது ஓரத்தில் முளைக்கும். கை நகர்ந்த அளவு, எண்களாக, வீட்டு வைஃபை வழியே அடுத்த கணினிக்குப் போய் அங்கே அசைவாகும்.

முதல் திரையில் சுட்டி என் கையாகவே இருந்தது. இரண்டாவதில் அது, நான் கேட்டுக்கொண்டதன் பேரில் நகர்கிற வேறு யாருடைய கையோ போலிருந்தது.

ஒரு ராத்திரி ஒரு டயாலிசிஸ் பில். எல்லாம் சரியாக இருந்தது. ஏற்பு என்ற பொத்தானை நோக்கித் தள்ளினேன். சுட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அது வந்து சேரக் காத்திராமல் கைக்கணக்கில் அழுத்தினேன். மாதக்கணக்காக அப்படித்தான் பழகியிருந்தது. 'நிச்சயமா?' என்று கேட்கும் பெட்டி வரும் என்று தெரியும். அதற்கும் சேர்த்து எண்டரைத் தட்டிவிட்டேன். ஏற்புக்கு அடுத்த பொத்தான் நிராகரிப்பு.

மூன்று வாரம் கழித்துப் புகார் வந்தபோதுதான் தெரிந்தது. பணம் போய்ச்சேர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. வாரத்துக்கு மூன்று முறை ஊசி ஏற்றிக்கொள்ளும் உடம்புக்கு இரண்டு மாதம் என்றால் என்ன என்று நான் விசாரிக்கவில்லை. விளக்கப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'சிஸ்டம் லேக்' என்று எழுதினேன். மேலாளரிடம் போனிலும் அதையே சொன்னேன். "பரவால்ல, எல்லாருக்கும் ஆகுது" என்றார்.

2

தாமதம் எங்கே உண்டாகிறது என்று பார்க்க ஓர் இளைஞர் வந்தார். சாதாரண யூஎஸ்பி மவுஸ் விநாடிக்கு 125 முறை தன் நகர்வைச் சொல்கிறது. எட்டு மில்லி விநாடிக்கு ஒரு தடவை. திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தாமதங்கள். வைஃபை அப்படியல்ல. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அது இடையிடையே உறங்கும். ரவுட்டரின் அறிவிப்பு விநாடிக்குப் பத்துமுறை போல வரும்போது விழித்து, தனக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும். இன்னொரு காரணமும் இருக்கலாம். 1984இல் ஜான் நேகிள் எழுதிய ஒரு விதி: சின்னச்சின்னப் பொட்டலங்களாக அனுப்பி வலைப்பின்னலை அடைக்காதே, முந்தியது சேர்ந்த செய்தி வரும்வரை மற்றதைச் சேர்த்துவை. கடிதத்துக்கு நல்ல விதி. கைக்கு ஆகாத விதி. இதுபோன்ற மென்பொருள்களில் அதை அணைத்துவைப்பது வழக்கம். மூன்றாவது, வேகமாகத் தள்ளினால் கூடுதலாக நகர்த்துகிற ஏற்பாடு இரண்டு கணினிகளிலும் இருந்தால், ஒன்று பெருக்கியதை மற்றது மறுபடி பெருக்கும்.

அவர் சுவரோரமாக ஒரு கேபிளை இழுத்தார். உறக்கத்தை அணைத்தார். ஒரு பக்கத்துப் பெருக்கலை நீக்கினார். அரைமணி நேரத்தில் பிரச்னை தீர்ந்தது. கிளம்புகிற சமயத்தில் அந்த ராத்திரியைப் பற்றிச் சொன்னேன். "லேட்டா வரும் சார், ஆனா வரிசை மாறாது. நீங்க எவ்வளவு தள்ளினீங்களோ அவ்வளவுதான் போயிருக்கும்" என்றார்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன. மவுஸின் நகர்வு செல்கிற வழியில் எதுவும் தொலைவதில்லை. பின்னால் போனது முன்னால் வருவதில்லை. முதல் தள்ளல், இரண்டாவது தள்ளல், அழுத்தல், எண்டர் – நான் செய்த வரிசையில், செய்த அளவில், எல்லாம் போய்ச்சேர்ந்தன. நான் முதல் தள்ளலோடு நிறுத்தி அழுத்தியிருந்தால், எவ்வளவு தாமதமானாலும், அழுத்தல் ஏற்பின் மேலேயே விழுந்திருக்கும். தவறை உண்டாக்கியது தாமதம் அல்ல. தாமதத்தைப் பொறுக்காத இரண்டாவது தள்ளல். அமைப்பு என் கைக்கு உண்மையான சாட்சியாக இருந்தது. அந்தச் சாட்சியைத்தான் குற்றவாளியாக எழுதிக்கொடுத்தேன்.

3

கைக்கும் விளைவுக்கும் நடுவே இடைவெளி விழும்போது செயல் அந்நியமாகிறது என்பது கவித்துவமான பேச்சு மட்டுமல்ல. 1999இல் லண்டனில் ஸாரா ப்ளேக்மோரும் சகாக்களும் செய்த பரிசோதனை இது: ஒருவர் தன் இடது கையை நகர்த்த, ஓர் இயந்திரம் அந்த அசைவை வாங்கி அவருடைய வலது உள்ளங்கையை வருடுகிறது. உடனுக்குடன் வருடினால் அவ்வளவாகக் கூச்சம் இல்லை. தன்னைத் தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. விநாடியில் பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று பங்கு என்று தாமதத்தைக் கூட்டக்கூட்டக் கூச்சம் அதிகமானது. தன் வருடல் பிறத்தியார் வருடலாக மாற இவ்வளவு நேரம் போதும்.

2006இல் அமெரிக்காவில் ஸ்டெட்ஸனும் ஈகிள்மனும் வேறு சகாக்களோடு கண்டது இன்னும் சங்கடமானது. பொத்தானை அழுத்தினால் சற்றுத் தாமதித்து வெளிச்சம் மின்னும். கொஞ்ச நேரத்தில் மனம் அந்தத் தாமதத்துக்குப் பழகிவிடுகிறது. பிறகு திடீரென்று தாமதத்தை எடுத்துவிட்டால், தாங்கள் அழுத்துவதற்கு முன்பே வெளிச்சம் மின்னியதாகச் சொல்கிறார்கள். தானே செய்தது, தன்னைக் கேளாமல் நடந்ததாகத் தோன்றுகிறது. கேபிள் போட்ட அன்று எனக்கும் சுட்டி என்னை முந்திக்கொண்டு ஓடியதைப்போலத்தான் இருந்தது.

சீரற்ற தாமதம்தான் மோசம், சீரான தாமதத்துக்குக் கை பழகிவிடும் என்பது கணினிக்காரர்களின் நியாயம். ஒழுக்கத்தில் இது தலைகீழ் என்று நினைக்கிறேன். சீரற்ற தாமதம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பழகிப்போன தாமதமோ விளைவைப் பார்க்காமலே அடுத்த காரியத்தைச் செய்யக் கற்றுத்தருகிறது. தாம்பரத்துக்கு இந்தப் படிப்பு புதிதல்ல. 1984இல் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்த நாளிலிருந்து இங்கே அசையும் கைகளின் விளைவு கண்காணாத தூரத்தில் நிகழ்கிறது. தூரமும் ஒரு தாமதம்தான்.

ஒரு நண்பர் ஆட்சேபித்தார்: மணிக்கு இத்தனை கோரிக்கை என்று உன் கையை விரட்டியவன் எவனோ, பழியை மட்டும் நீ ஏன் சுமக்கிறாய்? நியாயம். ஆனால் அதை நான் படிவத்தில் எழுதவில்லையே. 'சிஸ்டம் லேக்' என்ற சொற்கள் என்னை மட்டும் காப்பாற்றவில்லை. அந்த மணிக்கணக்கை நிர்ணயித்தவனையும் சேர்த்தே காப்பாற்றின. 'நான் அவசரப்பட்டேன்' என்று எழுதியிருந்தால், ஏன் அவசரம் என்ற அடுத்த கேள்விக்கு இடம் இருந்திருக்கும். கர்த்தா இல்லாத வாக்கியத்தில் யாரையுமே தேட முடியாது.

4

சிலப்பதிகாரத்துப் பாண்டியனிடம் எல்லாச் சாக்குகளும் இருந்தன. பொய் சொன்னவன் பொற்கொல்லன், வெட்டியவன் காவலன், எல்லாவற்றுக்கும் மேலே ஊழ். ஊழின் பங்கைக் காப்பியமே சொல்கிறது. உத்தரவுக்கும் வெட்டுக்கும் நடுவே போதுமான தூரமும் இருந்தது. சிலம்பிலிருந்து மணி தெறித்ததும் அவன் அந்தத் தூரத்தை உபயோகித்துக்கொள்ளவில்லை. கள்வன் என்ற பெயரைத் தானே எடுத்துக்கொண்டான். அவன் உயிர்விட்டது பெரிதாகப் பேசப்படுகிறது. எனக்கு அதற்கு முந்திய கணம்தான் பெரிதாகப் படுகிறது. அந்தக் கணத்தில் அவன் வாக்கியத்துக்குள் திரும்பிவந்துவிட்டான்.

எங்கள் வீட்டுக்கு மேலே பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கும். 1950களிலிருந்து தாம்பரம் விமானப்படைத் தளத்தில், விமானம் ஓட்டக் கற்றுத்தருகிறவர்களுக்கான பள்ளி நடக்கிறது. இத்தகைய விமானங்களில் கட்டுப்பாடு இரண்டு, ஆள் இரண்டு. ஆகவே ஒருவர் மற்றவரிடம் விமானத்தை ஒப்படைக்கும்போது வாய்விட்டுச் சொல்லவேண்டும், இப்போது உன்னிடம் என்று. வாங்கிக்கொள்கிறவரும் சொல்லவேண்டும், என்னிடம் என்று. ஒரு நொடிகூட அது யாருடையதும் இல்லாமல் பறக்கக்கூடாது. என் மவுஸ் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது யாரும் எதுவும் சொல்வதில்லை.

இதைச் சிறுபத்திரிகையில் எழுதுவது சுலபம் என்று எனக்குத் தெரியும். படிக்கிற சிலர் என்னை நேர்மையானவன் என்றுகூட நினைக்கலாம். ஆனால் அந்தப் பில்லுக்கு உரியவர் இதைப் படிக்கப்போவதில்லை. 'காரணம்' என்ற அந்தக் கட்டத்தில் நான் எழுதிய இரண்டு சொற்களை இன்னும் திருத்தவில்லை.