வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது

விருதுநகர் மாவட்டத்தில் எங்கள் வ. புதுப்பட்டிப் பக்கம் ஒரு கலைஞரை மதிப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பங்குனிப் பொங்கல் சாட்டுவதற்கு வெகு நாள் முன்பே கமிட்டிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் கிளம்பி அவர் ஊருக்குப் போவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் பேச்சை ஆரம்பிப்பார்கள். அவர் ஒரு தொகை சொல்வார், இவர்கள் குறைத்துக் கேட்பார்கள், கடைசியில் அட்வான்ஸ் கைமாறும். எத்தனை பேர் வருகிறீர்கள், ராத்திரிச் சாப்பாடு யார் வீட்டில், திரும்பிப் போக வேன் வேண்டுமா என்பதெல்லாம் அங்கேயே முடிவாகும். பிறகு நோட்டீசில் அவர் பெயர் அச்சாகும். கரகாட்ட செட் ஆனாலும் நையாண்டி மேளம் ஆனாலும் பாட்டுக் கச்சேரி ஆனாலும் இதுதான் நடைமுறை.

ஜூன் 20 உலக அகதிகள் தினம். அதையொட்டி நடந்த ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்த பிள்ளைகள் பாடினார்கள், ஆடினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். மைக் செட்டுக்காரருக்குக் கூலி உண்டு, பந்தல்காரருக்குக் கூலி உண்டு. பாடியவர்களுக்குச் சம்பளம் என்ற பேச்சே அங்கு எழவில்லை. அழைத்தவர்கள் நல்ல மனதுக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வீடு திரும்பிய பிறகும் இது மனதைவிட்டுப் போகவில்லை. இடம்பெயர்ந்து வந்த கலைஞரைக் கொண்டாடுவது என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

எங்கள் வட்டாரத்துக்கு முன்னொரு காலத்தில் வந்து குடியேறியவர்களையே எடுத்துக்கொள்வோம். ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் இன்றைக்கும் தெலுங்கு பேசுகிறார்கள். அவர்களில் ஒருவரான பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். ராஜபாளையத்தில் தான் குடியிருந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவரும் அவர்தான். எங்கள் பக்கத்துக் கதையும் அவர்கள் மொழிக்குப் போனது: ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கதையை விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யத’ என்று காவியமாக எழுதினார். கரிசல் காட்டின் அடையாளமாக இன்று மேடையேறும் தேவராட்டமும் தெலுங்கு பேசிக்கொண்டு தெற்கே வந்து குடியேறிய கம்பளத்து நாயக்கர்களின் ஆட்டம். பாட்டுக் கிடையாது. தேவதுந்துமி முழங்கும், அதன் அடிக்குத் தக்கபடி தலைப்பாகையும் கையில் கைக்குட்டையுமாக ஆண்கள் வரிசை கட்டி ஆடுவார்கள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் தங்களுக்குள்ளேயே வெகு காலம் ஆடிவந்தது, எட்டயபுரம் பக்கத்து ஜமீன் கோடங்கிபட்டி போன்ற ஊர்களிலிருந்து பள்ளிக்கூடங்களுக்கும் அரசு விழாக்களுக்கும் பரவியது. அதைப் பார்த்து ‘வந்தேறிகளின் ஆட்டம்’ என்று நம்மில் யாரும் ஒதுங்கி நிற்பதில்லை. நம் ஆட்டம் என்றுதான் பெருமையாகச் சொல்கிறோம். அப்படி ஆவதற்குப் பல தலைமுறைகள் பிடித்தன என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

என் சிறு வயதில் ‘சிலோன்காரங்க’ என்றால் வேறு ஆட்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த கைகள் அவை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். தாத்தாவும் பாட்டியும் பஞ்சத்துக்குத் தப்பி விட்டுப்போன சொந்த ஊருக்குப் பேரப்பிள்ளைகள் அந்நியர்களாக வந்து சேர்ந்தார்கள். அவர்கள் இலங்கை மலைநாட்டில் விடாமல் காத்துவந்த ஒன்று காமன் கூத்து. மாசி மாதத்தில் ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடத்தி, சிவன் நெற்றிக்கண்ணால் காமன் எரிவதை ஆடிக் காட்டி, பிறகு உயிர்ப்பிக்கும் கூத்து. தப்புப் பறை இல்லாமல் அது நடக்காது. வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சி, விரல் நுனியால் தட்டிப் பார்த்து, சத்தம் கணீரென்று வந்தால்தான் அடிப்பார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அரைப்பட்டினி கிடந்தவர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து வருஷா வருஷம் இதை நடத்தியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன கூத்து இங்கே பல ஊர்களில் மங்கிவிட்டது, அங்கே உயிரோடு இருந்தது. தாயகம் திரும்பியவர்களுக்காக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கினார்கள், நூற்பாலைகளில் வேலை கொடுத்தார்கள், தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். தப்பையும் கூத்தையும் பற்றி எந்த அதிகாரியும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வெளியிலிருந்து வந்த கலைஞருக்கு வேலை கொடுப்பதில் யாழ்ப்பாணத்தார் நமக்கு முன்னால் இருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து நாதஸ்வர, தவில் வித்துவான்களைத் திருவிழாக் காலத்துக்குக் கூப்பிட்டுக் கோயில்கள் வேலை கொடுத்தன. சிலர் அங்கேயே தங்கிக் குடும்பமானார்கள். இணுவில், அளவெட்டி போன்ற ஊர்கள் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பெயர் எடுத்தன. அந்தப் பரம்பரையில் 1933இல் பிறந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி, தவிலில் தமிழ்நாட்டு மேதைகளே தலைவணங்கும் இடத்துக்கு வந்தார். 1975இல், நாற்பத்திரண்டு வயது நிறையும் முன்பே மறைந்தார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறைக்கிறது: அந்த வித்துவான்களை யாழ்ப்பாணத்தில் தங்க வைத்தது பாராட்டு அல்ல, கோயில் கொடுத்த வேலை. வேலை இருந்ததால் மகனுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. சொல்லிக்கொடுத்ததால் ஒரு தட்சிணாமூர்த்தி வந்தார்.

‘சுராங்கனி’யையும் சொல்ல வேண்டும். சிலோன் மனோகர் பாடி இங்கே கல்லூரிச் சுற்றுலா பஸ்களில் எல்லாம் ஒலித்த பாட்டு. அதன் ஆட்டத்துக்கு அடியில் இருக்கும் பைலா, போர்த்துக்கீசியர்களும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கர்களும் இலங்கைக் கரையில் விட்டுப்போன தாளம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட மனிதர்களின் துள்ளல், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் குரலில் வந்து, எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் எல்லாரையும் எழுந்து ஆட வைத்தது. மனோகர் 2018இல் சென்னையில் காலமானார்.

இப்போது முகாமுக்கு வருவோம். ராஜபாளையத்துக்குப் போகும் வழியில் மொட்டமலையில் ஒரு முகாம் உண்டு, விருதுநகர் பக்கம் குல்லூர்சந்தையில் ஒன்று உண்டு. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு முதலில் வந்தார்கள், 1990இல் போர் மறுபடி மூண்டபோது அடுத்த அலை வந்தது. 2021இல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அரசு பெயர் மாற்றியது, புது வீடுகளும் கட்டித் தந்தது. அங்கே வளர்ந்த பிள்ளைகளில் பலர் இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரு முகாம் கோயில் கொடையில் பையன்கள் நாலைந்து பேர் கீபோர்டும் ரிதம் பேடும் வைத்துக் கச்சேரி பண்ணினார்கள். பேடு அடித்தவனுக்கு இருபது வயது இருக்கும். பெயின்ட் வேலைக்குப் போகிறவன், நகக்கண்ணில் நீல பெயின்ட் ஒட்டியிருந்தது. தாளத்தை ஒரு இடத்தில் நிறுத்தி, கூட்டத்தை ஏங்க வைத்து, பிறகு கொட்டினான் பாருங்கள், அப்படி ஒரு கை. எங்கள் ஊர்க் கமிட்டிக்காரர் ஒருவர் என்னோடு வந்திருந்தார். “தம்பி, எங்க ஊர்ப் பொங்கலுக்கு வர்றீங்களாடா? சம்பளம் பேசிக்குவோம்” என்றார். அவன் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “எத்தன மணிக்குண்ணே முடியும்? காலைல செக்கிங் இருக்கு” என்றான். பக்கத்தில் நின்ற அவன் அம்மா, “தாசில்தாரிட்ட எழுதிக் குடுத்துட்டுத்தான் தம்பி வெளியில தங்கேலும்” என்று சேர்த்துச் சொன்னார்.

பாட்டுக் கச்சேரி என்பது ராத்திரித் தொழில். எங்கள் பக்கம் பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடந்த காலமும் உண்டு. முகாமில் தலையெண்ணும் செக்கிங் நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும், வெளியூரில் தங்க அனுமதி வேண்டும் என்றால் அந்தத் தொழில் எப்படி நடக்கும்? சீசனில் ஒரே வாரத்தில் நாலு ஊர்த் திருவிழா வரும், நாலுக்கும் மனு எழுதிக்கொண்டு நிற்க முடியுமா? அந்தப் பையனின் கலைக்குப் பெரிய தடை ரசிகர்களின் அலட்சியம் இல்லை, இந்தக் காகிதம்தான். அவனுக்குப் பொன்னாடை போர்த்துபவர்கள் அந்த மனுவைக் கையில் வாங்கித் தாலுகா ஆபீசுக்கு ஒரு தடவை நடந்தால், பொன்னாடையைவிட அது பெரிய மரியாதை.

வெளிநாடுகளையும் பார்ப்போம். ஜெர்மனியில் ஹாம் என்கிற ஊரில் இலங்கைத் தமிழர்கள் காமாட்சி அம்பாளுக்குக் கோயில் கட்டி 2002இல் கும்பாபிஷேகம் நடத்தினார்கள். அகதியாகப் போனவர்கள்தான். தேரோட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள், ஜெர்மானியர்களும் வந்து பார்க்கிறார்கள். பாரிஸில் மாணிக்க விநாயகர் தேர் நகரத் தெருவில் போகிறது, சிதறுதேங்காய் உடைகிறது. பிரிட்டனில் 1998 முதல் ஜூன் மாதத்தில் அகதிகள் வாரம் என்று ஒன்று நடத்துகிறார்கள். மொழியும் சாமியும் வேறான ஊர்களில் இதெல்லாம் நடக்கிறது. மொழியும் சாமியும் ஒன்றான நம் ஊரில், பக்கத்து முகாம் கோயில் கொடைக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் சிக்கலானது. எங்கள் ஊர்களில் திருவிழாவுக்குச் சொந்தக்காரர் யார் என்பதை வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரிதான் சொல்கிறது. வரி கொடுத்தவர் கமிட்டியில் கேள்வி கேட்கலாம், கணக்குப் பார்க்கலாம். வரி வாங்கப்படாத வீடு வேடிக்கை பார்க்கும் வீடு. அந்த வரியும் பெரும்பாலும் சாதி பார்த்துத்தான் எழுதப்படுகிறது என்பதால், வெளியிலிருந்து வந்து குடியேறியவருக்கு நோட்டுப் புத்தகத்தில் பக்கமே இருப்பதில்லை. ‘பாவம், அவங்ககிட்ட எதுக்கு வாங்கணும்’ என்று இரக்கமாகத்தான் விடுகிறார்கள். அந்த இரக்கம் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஊருக்குள் வாடகைக்கு வந்து பத்து இருபது வருஷம் ஆன சிலோன் குடும்பத்திடம் மற்றவர்களைப் போல வரி கேளுங்கள் என்று நான் கமிட்டியில் சொன்னேன். பெரியவர் ஒருவர், “கேட்டா மனசு சங்கடப்படுவாங்கப்பா” என்றார். கேட்டுப் பார்த்தார்கள். அந்த வீட்டு அம்மா அன்றைக்கே கொடுத்தார், ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.

பேடு அடிக்கும் தம்பியின் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்று கமிட்டியில் பேசி வைத்திருக்கிறோம். கச்சேரியை ஏழு மணிக்கே ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடிப்பதா, அல்லது முன்கூட்டியே மனுப் போட்டு ராத்திரி முழுக்க வைத்துக்கொள்வதா என்பதில் இன்னும் இரண்டு கட்சி. நான் மனுப் போடும் கட்சி.