தோன்றா எழுவாயும் வழுவின் நீதியும்

தமிழில் எழுவாய் வெளிப்படாது நிற்பதை இலக்கணம் குற்றமாகக் கொள்வதில்லை. அதற்குத் தோன்றா எழுவாய் எனப் பெயருமிட்டு, வாக்கியத்தின் இயல்புகளுள் ஒன்றாக அதனை ஏற்றுக்கொண்டுள்ளது. "நேற்று வந்தேன்" என்பவன் "நான்" என்ற சொல்லை விட்டமைக்காக எவரும் அவனைக் கல்லாதவன் என்பதில்லை. அவனே ஆங்கிலத்தில் "கேம் யெஸ்ரடே" என்று கூறுவானாயின், அவன் ஆங்கிலம் அறியாதவன் என்னும் தீர்ப்பு உடனே வழங்கப்படுகின்றது. தீர்ப்பு அவ்வளவில் நிற்பதுமில்லை. மொழியறியாதவன் என்பதிலிருந்து தெளிவாகச் சிந்திக்கத் தெரியாதவன் என்பதற்கும், அதிலிருந்து பொறுப்பான பதவிக்குத் தகாதவன் என்பதற்கும் செல்லும் தூரம் மிகக் குறுகியது. இத்தீர்ப்பு உண்மை பற்றிய கூற்றா, அன்றி அதிகாரம் பற்றிய கூற்றா என்னும் வினா மொழியியலுக்கு மட்டும் உரியதன்று, அறவியலுக்கும் உரியது.

ஆங்கிலத்தில் எழுவாய் கட்டாயமானது என்னும் விதி முழு உண்மையன்று என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். 1660ஆம் ஆண்டு முதல் 1669ஆம் ஆண்டுவரை சாமுவேல் பெப்பிஸ் எழுதிய நாட்குறிப்பினைப் புரட்டுவோர், தன்மை இடப்பெயர் இன்றியே தொடங்கும் வாக்கியங்களைப் பக்கந்தோறும் காண்பர். இன்றும் ஆங்கிலேயர் கடிதங்களில் "ஹோப் யூ ஆர் வெல்" என்று எழுதுகின்றனர். உரையாடலில் "டோன்ற் நோ" என்கின்றனர். அதனை வழு என்பாரில்லை. லிலியான் ஹேகமன் என்னும் மொழியியலாளர் 1990ஆம் ஆண்டில் நாட்குறிப்பு நடையின் இவ்வியல்பை ஆராய்ந்து, அங்கும் ஓர் ஒழுங்கு உண்டெனக் காட்டினார். தலைமை வாக்கியத்தின் தொடக்கத்தில் எழுவாய் விடுபடலாம். துணை வாக்கியத்தின் உள்ளே விடுபடலாகாது. ஆகவே எழுவாயை விடுதல் ஆங்கிலத்துக்கு அந்நியமான செயலன்று. எங்கே விடலாம், எங்கே விடலாகாது என்பதிலேயே வகைகளுக்கிடையே வேறுபாடு உளது. இலண்டனில் ஒருவர் விட்டால் அது நடை. கொழும்பில் ஒருவர் விட்டால் அது பிழை!

எழுவாய் இன்றேல் கருத்து முழுமையடையாது, ஆதலின் அதனைக் கூறுதல் தருக்கத்தின் தேவை என்று வாதிப்போர் உளர். இவ்வாதத்தை ஆங்கிலமே மறுக்கின்றது. மழை பெய்வதைக் கூறுதற்கு ஆங்கிலேயன் "இற் இஸ் ரெயினிங்" என்கின்றான். இங்கு "இற்" என்பது எது? வானமா, மேகமா, இறைவனா? எதுவுமன்று. பொருள் யாதுமின்றி, எழுவாயின் இருக்கை வெறுமையாக இருத்தலாகாது என்பதற்காகவே அச்சொல் அங்கே அமர்த்தப்பட்டுள்ளது. யாரும் இல்லாத இடத்தில் ஒருவரை அமர்த்தும் இலக்கணம், உள்ளவரைக் கூறாது விடுவதைத் தருக்கத்தின் பெயரால் கண்டிப்பது வியப்பே.

இதனினும் முக்கியமானது இன்னொன்று. செய்தவனை மறைப்பதற்குச் செம்மையான ஆங்கிலம் தருகின்ற வசதியை வேறெந்த வழுவும் தருவதில்லை. "ஷொற்ஸ் வேர் பயர்ட்" என்பது இலக்கண நிறைவுடைய வாக்கியம். எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, எண்ணும் காலமும் இயைந்து நிற்கின்றன. சுட்டவர் யார் என்பது மட்டும் அதில் இல்லை. அரசாங்க அறிக்கைகளைப் படித்துப் பழகியோர்க்கு இந்நடை புதிதன்று. தமிழிலும் செயப்பாட்டு வினையால் நாம் அதனை நன்கு பெயர்த்துக்கொண்டுள்ளோம். "கேம் யெஸ்ரடே" என்பதில் வந்தவன் யார் என்பதைக் கேட்போன் அறிவான். அறிக்கை வாக்கியத்திலோ செய்தவனை அறிதற்கு வழியே இல்லை. சொல்லப்படாத எழுவாய், மறைக்கப்பட்ட கருத்தா ஆகிய இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே, இலக்கண நிறைவை வாய்மையின் அடையாளமாகக் கருதும் மயக்கம் எழுகின்றது.

உலக மொழிகளை நோக்கின் எழுவாயைக் கட்டாயப்படுத்தும் ஆங்கிலம் பொதுநெறியன்று என்பது தெளிவாகும். இத்தாலியம், ஸ்பானியம், தமிழ் முதலியவற்றில் வினைமுற்றின் விகுதியே திணை, பால், எண், இடங்களையோ அவற்றுட் சிலவற்றையோ உணர்த்திவிடுகின்றது. இத்தகைய மொழிகளைத் தனிவகையாகக் கொண்டு நோம் சொம்ஸ்கி 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவுரைகள் இத்துறையில் பெரும் ஆய்வைத் தூண்டின. எனினும் விகுதி ஒன்றே காரணமாகாது. மலையாள வினைமுற்று இடங்காட்டும் விகுதியை இழந்துவிட்டது. ஆயினும் மலையாளிகள் எழுவாயை விட்டே பேசுகின்றனர். சீனமும் யப்பானியமும் அவ்வாறே. அங்கே எழுவாயை உணர்த்துவது விகுதியன்று. பேசுவோரும் கேட்போரும் பகிர்ந்துகொள்ளும் சூழல். மொழியின் பாதி கேட்போன் மனத்தில் உளது என்னும் நம்பிக்கை அம்மொழிகளின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது என்று கூறினால் அது மிகையாகாது.

இத்தகைய மொழிகளைப் பேசிய மக்கள் ஆங்கிலத்தைத் தமதாக்கிக்கொண்டபோது என்ன நிகழ்ந்தது என்பதற்குச் சிங்கப்பூர் சிறந்த சான்றாகும். ஹொக்கியன், கன்ரனீஸ், மலாய், தமிழ் என எழுவாயை எளிதில் விடும் மொழிகள் வழங்கிய அந்நகரில் உருவான பேச்சாங்கிலத்தில் "கான் ஓர் நொற்?" என்பது நிறைவான வினா, "கான்" என்பது நிறைவான விடை. யார், எதனை, யாருக்காக என்பன எல்லாம் சூழலால் விளங்கும். இது கற்றுத் தோற்ற ஆங்கிலமன்று. பிள்ளைகள் வீட்டிலும் விளையாட்டிடத்திலும் கேட்டு வளர்ந்து, பிழையும் சரியும் தமக்குள்ளேயே அறிந்து பேசும் மொழி. வெளியூரார் அதனைப் போலி செய்ய முயன்றால் உள்ளூரார் சிரிப்பர். சிரிப்பதற்கு ஒரு விதி இருத்தல் வேண்டுமன்றோ? ஆயினும் 2000ஆம் ஆண்டில் பிரதமர் கோ சொக் டொங் காலத்தில் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் அங்கு தொடங்கப்பட்டது. உலகம் விளங்கிக்கொள்ளாத ஆங்கிலத்தைப் பேசினால் வணிகமும் வாழ்வும் நலியும் என்பது அதன் வாதம். இவ்வாதத்தை அற்பமெனத் தள்ளுதல் இயலாது; மேலே அதற்கு மீள்வோம்.

வழுவெனப்படுவது ஒழுங்கற்றதன்று என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவியவர் வில்லியம் லேபொவ். 1960களில் அமெரிக்காவிற் சில உளவியலாளர், கறுப்பினக் குழந்தைகள் முறையான மொழியே அற்றவர்கள் போலக் கருதி அவர்களுக்குப் புதிதாக மொழி கற்பிக்கத் திட்டம் வகுத்தனர். "தே மைன்" என்று அக்குழந்தைகள் "ஆர்" என்னும் வினையை விட்டுப் பேசுவது தருக்கமின்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. லேபொவ் நியூயோர்க்கின் ஹார்லத்தில் நேரில் ஆராய்ந்து 1969ஆம் ஆண்டில் விடையளித்தார். செம்மொழி பேசுவோர் அவ்வினையை எங்கெங்கே சுருக்கி ஒலிக்கலாமோ அங்கங்கே இவர்கள் அதனை விடுகின்றனர். சுருக்கலாகாத இடத்தில் இவர்களும் விடுவதில்லை. விதி உண்டு, அது வேறொரு விதி, அவ்வளவே. "அவர் ஆசிரியர்" என்று வினையின்றியே கூறும் நமக்கு இதில் வியப்பதற்கு என்ன உளது?

இவையெல்லாம் ஏட்டறிவு என்று கருதுவோர்க்கு ஒரு வழக்கினை நினைவூட்டல் தகும். 2012ஆம் ஆண்டு பெப்ரவரியில் புளோரிடா மாநிலத்தில் ட்ரேவன் மார்ட்டின் என்னும் கறுப்பின இளைஞன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவனுடன் கடைசிவரை தொலைபேசியில் உரையாடிய இளம் பெண் 2013ஆம் ஆண்டில் நீதிமன்றில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் சாட்சியமளித்தாள். அவள் பேசிய ஆபிரிக்க அமெரிக்க ஆங்கிலம் விளங்கவில்லை, நம்பத்தக்கதாகவும் இல்லை என்று நடுவர் குழுவைச் சேர்ந்த ஒருவர் பின்னர் கூறினார். குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானார். விடுதலைக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். அது நமது விசாரணைக்கு உட்பட்டதன்று. 2016ஆம் ஆண்டில் ஜோன் றிக்ஃபோர்ட், ஷரீஸ் கிங் ஆகியோர் அவளது பேச்சினை ஆராய்ந்து, அது முற்றும் ஒழுங்கமைந்த ஒரு வகை என்று காட்டினர். 2019ஆம் ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு பிலடெல்பியா நீதிமன்றப் பதிவாளரைச் சோதித்தது. 95 சதவீதத் துல்லியத்துக்குச் சான்றிதழ் பெற்ற அவர்கள், ஆபிரிக்க அமெரிக்க ஆங்கில வாக்கியங்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தையே பிழையின்றிப் பதிந்தனர். பல பதிவுகளில் யார் என்ன செய்தார் என்பதே மாறியிருந்தது. எழுதுவோன் அறியாத இலக்கணம் பேசுவோனின் குற்றமாகக் கணக்கிடப்படுகின்றது. இதனை அநீதி என்பதன்றி வேறு எவ்வாறு கூறுவது?

ஆயின் எல்லா வகையும் சமமே, எதனையும் திருத்தலாகாது என்று முடித்துவிடலாமா? 1990ஆம் ஆண்டில் றண்டொல்ஃப் குவேர்க் இதற்கு எதிராக எழுதினார். உள்ளூர் வகைகளைப் போற்றும் அறிஞர், மாணவரைச் செம்மொழியிலிருந்து விலக்கி அவர்கள் விரும்பும் வாய்ப்புகளை மறுக்கின்றனர் என்பது அவரது கவலை. மறுவாண்டு காஷ்மீரத்தைச் சேர்ந்த பிரஜ் கச்று விடையளித்தார். பன்மொழிச் சமூகங்களில் ஆங்கிலம் எவ்வாறு வாழ்கின்றது என்பதை நோக்காது எங்கோ வகுத்த அளவுகோலைத் திணிப்பது உண்மைக்கு மாறானது என்பது அவரது நிலை. விவரணத்தில் கச்றுவே சரியென்பது எனது துணிபு. ஆயினும் குவேர்க்கின் கவலையை ஏளனம் செய்வோரில் ஒரு பகுதியினர், தாம் குறையற்ற செம்மொழியில் எழுதிக்கொண்டு, தம் பிள்ளைகளைச் சர்வதேசப் பாடசாலைகளுக்கு அனுப்பிவிட்டு, கிராமத்து மாணவனின் வழுவை விடுதலையின் குரலென்று வாழ்த்துவதையும் காண்கின்றோம். அவ்வாழ்த்தினால் அம்மாணவனுக்கு வேலை கிடைப்பதில்லை.

நமது நாட்டில் இவ்வுண்மை நன்கு உணரப்பட்டதே. சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் "கடுவ", அதாவது வாள். பேராதனையிற் கற்பித்த திரு கந்தையா 1984ஆம் ஆண்டில் அப்பெயரையே தலைப்பாக்கி, ஆங்கிலம் இங்கு ஆயுதமாக இயங்கும் விதத்தை ஆராய்ந்தார். இலங்கை ஆங்கிலத்தில் சொற்கள் தொக்கு நிற்பதும் பிற்காலத்தில் அவரது ஆய்வுக்குரியதாயிற்று. சூழலால் விளங்குவதைச் சொல்லாது விடுதல் இங்குள்ளோர் ஆங்கிலத்தின் இயல்பென அவர் கொண்டாரேயன்றிக் குறையென இகழவில்லை. அர்ஜுன பராக்கிரம 1995ஆம் ஆண்டில் இன்னும் தீவிரமாக, செம்மை என்ற கருத்தின் ஆதிக்கத்தையே கேள்விக்குள்ளாக்கினார்.

ஈண்டு நமது இலக்கண மரபில் ஒரு கருத்து உதவக்கூடும். தமிழ் இலக்கணிகள் வழு, வழாநிலை என இரண்டோடு நின்றுவிடவில்லை. வழுவமைதி என மூன்றாவதொன்றையும் வகுத்தனர். உவகை மிகுதியால் பசுவினை உயர்திணையாகக் கூறுவோனை அவர்கள் தண்டிக்கவில்லை. காரணம் கண்டு அமைத்துக்கொண்டனர். ஆயின் வழக்கினை உயர்ந்தோர்க்கே உரியதாக்கிய மரபும் அதுவே என்பதை மறத்தலாகாது. அமைதி வழங்கும் அதிகாரமும் உயர்ந்தோர் கையிலேயே இருந்தது. இக்காலத்துக்குக் கொள்ளத்தக்கது காரணம் கேட்கும் அந்தப் பழக்கமே.

அவ்வாறு கேட்பின் விடைத்தாள் திருத்துவோர் செய்யவேண்டியது யாது? கட்டுரையில் எழுவாய் விடுபட்டிருந்தால் குறிக்கலாம்; எழுத்துக்குரிய செம்மொழியைக் கற்பிப்பதே அத்தேர்வின் நோக்கம். ஆயின் குறிக்கும்போது, இது எந்த வகையின், எந்தச் சூழலின் விதி என்பதை ஒரு வரியில் எழுதலாம். வாய்மொழித் தேர்விலும் நேர்முகத் தேர்விலும், ஆங்கிலேயரே தம் உரையாடலில் விடும் எழுவாயை இங்குள்ளோர் விடும்போது புள்ளி குறைப்பதற்கு நியாயமில்லை. துணை வாக்கியத்துள் விடுபடுவதைப் பற்றி உண்மையான கருத்து வேறுபாடு இருக்கலாம். அது பேசித் தீர்க்கவேண்டிய விடயம். பரீட்சகரின் புருவம் உயர்வதால் தீர்வதன்று.