அடைக்கலப் பொருளும் ஆயுட்கணக்கும்

நம் இல்லத்து இளைஞர்கள் இந்நாளில் புதிய புதிய தொழில்களை நாடுகின்றனர். அவற்றுள் ஒன்று, ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணிப்பாளரிடம் பயிலுநராகச் சேர்ந்து ஓய்வூதியக் கணக்கைக் கற்பதாகும். பணியாற்றிக்கொண்டே பல ஆண்டுகள் தேர்வெழுதித் தேற வேண்டிய கடினமான தொழில் இது. எனினும் பெரியோர் சிலருக்கு இதில் ஓர் ஐயம் எழுகின்றது. ஆயிரம் பேரில் இவ்வாண்டு எத்தனை பேர் மடிவர் என எண்ணுவதையே வேலையாகக் கொண்டவன் அறநெறியில் நிற்க இயலுமா என்பதே அது. இவ்வையத்தைத் தள்ளிவிடாமல் ஆராய்வோம்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் 25 வயதில் வேலைக்குச் சேரும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, உச்சவரம்புக்கு உட்பட்ட அவரது ஊதியத்தில் 8.33 விழுக்காட்டை முதலாளியும் 1.16 விழுக்காட்டை மத்திய அரசும் நிதியில் சேர்க்க வேண்டும். அவர் 58 வயதில் ஓய்வு பெறும்போது 33 ஆண்டுப் பணியும், திட்டம் தரும் 2 ஆண்டுச் சலுகையும் கூடி 35 ஆண்டுகளாகும். ஊதியத்தை அதனால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பரில் வகுத்த 15,000 ரூபாய் வரம்பைக் கொண்டால் மாதம் 7,500 ரூபாய் வரும். அவர் வாழும் வரை அவருக்கும், அவருக்குப்பின் அவர் துணைவிக்கும் இந்நிதி கொடுத்துவர வேண்டும். அதற்குப் பணம் போதுமா என ஆண்டுதோறும் மதிப்பிட வேண்டுமென்பது திட்டத்தின் விதி. அம்மதிப்பீடே கணிப்பாளரின் பணி.

ஆயுள் அவரவர் ஆயுள் வினையைப் பொறுத்ததன்றோ, அதை மனிதர் கணிக்கலாமோ எனச் சிலர் வினவுவர். தனி ஒருவரின் ஆயுளை எந்த அட்டவணையும் அறியாது. கணிப்பாளரும் அறிந்ததாகச் சொல்வதில்லை. 1693-இல் எட்மண்ட் ஹாலி என்னும் வானியல் அறிஞர் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு அட்டவணை அமைத்த நாள் முதல், இக்கலை பேசுவது பலரின் கூட்டத்தைப் பற்றியே. நம் நாட்டில் 60 வயதை எட்டியவர் சராசரியாக மேலும் ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்கிறார் என்பது கூட்டத்தைப் பற்றிய உண்மை. ஒரு நோக்கில் அறிய இயலாதது மற்றொரு நோக்கில் அறியப்படும் என்பது அனேகாந்தம் பயின்ற நமக்குப் புதியதன்று.

ஓய்வூதியர் விரைவில் இறந்தால் நிதிக்கு மிச்சம் என்பதும் மெய்யே. ஆயினும் இறப்பை எண்ணுவது வேறு, இறப்பை விரும்புவது வேறு. அவ்விருப்பம் உள்ளத்தில் முளைக்குமாயின் அது பாவ இம்சையே ஆகும். ஆனால் ஓய்வூதியக் கணிப்பாளர் காக்க முயல்வது நெடிது வாழ்வோரை. எண்பதைக் கடந்த முதியவர் நிதி வற்றிக் கைவிடப்படலாகாது என்பதே அவரது கவலை.

கணக்கிடாமல் வாக்களிப்பதன் கேட்டிற்குப் பிரான்சின் வரலாறே சான்று. புதுவையில் ‘சொல்தா’ என வழங்கப்படும் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்கள் அந்நாட்டின் ஓய்வூதியம் பெறுவதை நாம் அறிவோம். அதே பிரான்சு 18ஆம் நூற்றாண்டில், வயதைக் கருதாமல் ஒரே விலைக்கு ஆயுட்கால ஆண்டுத்தொகைப் பத்திரங்களை விற்றுக் கடன் திரட்டிற்று. ஜெனீவா நகர வங்கியாளர்கள் அம்மை நோயினின்று தப்பிய, வசதியான இல்லத்துச் சிறுமியரைத் தேர்ந்து, அவர்தம் ஆயுளின் பேரில் அப்பத்திரங்களை வாங்கினர். சிறுமியர் நெடிது வாழ, அரசின் சுமை பெருகிற்று. வேறு காரணங்களும் சேர்ந்து கடன் முற்றி, 1797-இல் அந்நாடு தன் கடனில் மூன்றில் இரண்டு பங்கைக் கைவிட்டது. அரசின் சொல்லை நம்பியோர் அல்லலுற்றனர்.

ஆகவே எண்ணுதல் குற்றமன்று. குற்றம் புகும் வாயில் வேறு. 30 ஆண்டுகள் கழித்துத் தரவேண்டிய 1,00,000 ரூபாய்க்கு இன்று எவ்வளவு ஒதுக்க வேண்டும்? ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி கிடைக்குமெனக் கொண்டால் 13,137 ரூபாய். 8 விழுக்காடு எனக் கொண்டால் 9,938 ரூபாய். ஓர் எண்ணை மாற்றி எழுதினால் கடமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மறைந்துவிடுகிறது. பணம் கட்டுவோர் மகிழ்வர். பிழை வெளிப்படும்போது எழுதியவரும் இரார், எழுதச் சொன்னவரும் இரார். தொழிலாளி மட்டுமே முதுமையோடு நிற்பார். வேண்டுமென்றே வட்டியைக் குறைத்து எழுதி, இன்று உழைப்பவரிடம் மிகுதியாகப் பெறுவதும் அதே குற்றத்தின் மறுபுறமாகும்.

பொய்யாமை அணுவிரதத்தின் அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுமிடத்தில், பொய்ப்பத்திரம் எழுதுதலும் அடைக்கலப் பொருளைக் கவர்தலும் இடம் பெறுகின்றன. அடைக்கலம் வைத்தவர் அளவை மறந்து குறைத்துக் கேட்க, “ஆம், அவ்வளவே” என்று கொடுத்து எஞ்சியதை வைத்துக்கொள்வதே பின்னதன் பொருள். இது கள்ளாமையின்கீழ் வைக்கப்படாமல் பொய்யாமையின்கீழ் வைக்கப்பட்டது சிந்திக்கத்தக்கது. கையால் எடுப்பதற்கு முன்பே, “அவ்வளவே” என்னும் சொல்லால் களவு முடிந்துவிடுகிறது. ஓய்வூதிய நிதியும் அடைக்கலப் பொருளே. மேட்டுப்பாளையத்துத் தொழிலாளி தமக்குரிய அளவை அறியமாட்டார்; அவருக்காக அதை அறிந்திருப்பவர் கணிப்பாளர் ஒருவரே.

கையொப்பமிடுபவர் மூத்தவர், நாம் பயிலுநர்தாமே எனத் தப்பவும் வழியில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் சமயம். எனவே பயிலுநர் தாம் கொண்ட எண்ணையும் அதற்குரிய காரணத்தையும், அது ஒரு விழுக்காடு பிழைத்தால் நேர்வதையும் மறையாமல் குறிப்பில் எழுதி வைப்பாராக. பொய் எண்ணை எழுதப் பணித்தால் பணிவோடு மறுப்பாராக. அதனால் வேலையே போகவும் கூடும். அந்நாளில் “மற்றவர் எழுதுவதைத்தானே நீயும் எழுதினாய்” என்று பெற்றோர் ஆறுதல் கூறலாகாது. வருவாய் இழந்து வீடு திரும்பும் பிள்ளையைக் குறைகூறாமல் ஏற்கும் இல்லங்கள் இருந்தால்தான் இத்தொழிலில் அறம் நிலைக்கும்.