நகராத விரல்

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு வெளியே ஓர் அம்மா குண்டுமல்லி கட்டி விற்பார். அவர் கண் எப்போதும் வருகிற பேருந்து மேலும் இறங்குகிற ஆட்கள் மேலும்தான் இருக்கும். வலக்கை கூடையைத் துழாவி மொட்டெடுக்கும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து, நூலைச் சுற்றி இறுக்கும். பேரம் பேசப் பேச முழம் நீளும்.

நாற்பத்தைந்து வயதில் கிட்டார் கற்க உட்கார்ந்த நான், கழுத்தை வளைத்து விரலைப் பார்த்தே வாசித்தேன். பார்த்தால் கம்பி பிடிபடும்; தாளம் போய்விடும். கண் பார்த்துச் சொல்லி, விரல் கேட்டு நடப்பதற்குள் பாட்டு அடுத்த அடிக்குப் போயிருக்கும்.

விரலைப் பார்க்காமலும் வாசிக்க முடியும். பிறவியிலேயே பார்வையற்றவர் ஹோசே ஃபெலிசியானோ. 1945-இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, கிட்டார் வாசித்துப் பாடியே உலகப் புகழ் பெற்றார். கை எங்கே இருக்கிறது என்பது பார்க்காமலே உடம்புக்குத் தெரியும். இருட்டிலும் சோற்றுக் கவளம் வாய்க்குத் தப்பாமல் போவது அந்த அறிவால்தான்.

ஆனாலும் கண்ணை மூடி வாசித்தபோது என் விரல்கள் தடுமாறின. ஒருநாள் பூக்கார அம்மாவின் இடக்கையைக் கவனித்தேன். கட்டைவிரல் நூலை விட்டு விலகவே இல்லை. முந்தின முடிச்சின் மேல் அது அழுந்தியிருப்பதால், அடுத்த முடிச்சு விழவேண்டிய இடம் கைக்குத் தெரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் கிட்டாரை எடுத்தேன். சி கார்டு என்ற விரல்பிடியிலிருந்து ஏ மைனர் கார்டுக்கு மாற, அதுவரை மூன்று விரலையும் தூக்கி மூன்றையும் புதிதாகத் தேடி வைத்துக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். மோதிரவிரல் மட்டும் ஐந்தாம் கம்பியை விட்டு, மூன்றாம் கம்பியில் நடுவிரலை ஒட்டி வந்து அமர்ந்தால் போதும். நகராத இரண்டு விரல்கள், நகர்கிற ஒன்றுக்கு வழி காட்டுகின்றன. தவறினால் காது சொல்லிவிடும்.

என் மகள் சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். முதல் வருஷம் அவள் பேருந்து ஏறியதிலிருந்து, "தொப்பூர் தாண்டியாச்சா? ஓமலூர் வந்தாச்சா?" என்று ஃபோன் செய்துகொண்டே இருப்பேன். அதை அக்கறை என்றே நினைத்திருந்தேன். கண்ணை எடுத்தால் பிடி நழுவிவிடும் என்ற பயம் அது. விரலைப் பார்த்து வாசித்ததும் அதே பயத்தில்தான். பிடி நழுவாமல் இருக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் தொடுகை விடாமல் இருந்தால் போதும். நான் கூப்பிடுவதைக் குறைத்தேன். இப்போது ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவளே கூப்பிடுகிறாள். அந்த ஓர் அழைப்புதான் எங்கள் நூலின் மேல் இருக்கும் கட்டைவிரல்.

விடுமுறைக்கு வந்தால் அவள் பாடுவாள், நான் வாசிப்பேன். அடுத்த அடிக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கார்டு மாறுகிறேன்.