பேணப்படுவது எது?

ஒரு பொருளை அதன் செயலினின்றும் பிரித்துவைத்துவிட்டு, அதனைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்வது சத்தியமாகுமா என்னும் வினா, இங்கிலாந்தின் தென்பகுதியில் பல தலைமுறைகளைச் சுமந்து 2005-ஆம் ஆண்டின் இறுதியில் பிரதான பாதைகளினின்றும் விடைபெற்ற பழைய மின்சார ரயில்களை எண்ணும்போது கூர்மையாக எழுகின்றது.

பக்கவாட்டில் வரிசையாகக் கதவுகள் கொண்ட அவ்வண்டிகள் பலவற்றில், உட்புறம் கைப்பிடி கிடையாது. இறங்குகிறவர் ஜன்னல் கண்ணாடியைக் கீழே தள்ளி, கையை வெளியே நீட்டிப் புறப்பிடியைத் திருப்பி இறங்கியபின், கதவை ஓங்கிச் சாத்துவார். 1988 டிசம்பர் 12 அன்று கிளாப்ஹாம் சந்திப்பருகே சமிக்ஞைக் கம்பிப் பிழையால் அவ்வகை வண்டிகள் மோதி 35 பேர் மாண்டனர். தனிச் சட்டத்தின்மேல் அமர்த்திய பழைய பெட்டிக் கூடுகள் மோதலைத் தாங்கா என்பதும் உணரப்பட்டு, 1999-இன் பாதுகாப்பு விதிகள் அவற்றின் ஆயுளுக்கு எல்லை வகுத்தன. மனித உயிரினும் மரபு பெரிதன்று. ஆதலின் அவற்றை விலக்கியது தர்மமே.

எஞ்சிய சிலவற்றை அன்பர்கள் துருக் களைந்து, வர்ணம் பூசிப் பேணுகின்றனர். நீராவி என்ஜின் தன் நெருப்பைத் தன்னுள்ளேயே சுமப்பதாதலின், கரியும் நீரும் கிடைத்தால் பாரம்பரிய இருப்புப்பாதைகளிலும் உயிர்த்தெழும். மின்வண்டியோ, பாதையோரத்து மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் அழுத்தத்தில் நிற்கும் மின்சாரத்தைத் தொட்டு வாங்கினாலன்றித் தானாக அசையாது. பேணப்பட்ட பாதைகளிலோ அத்தண்டவாளம் இல்லை. ஆகவே அவ்வண்டிகள் டீசல் என்ஜின் இழுக்க நகர்கின்றன, அல்லது கொட்டகையில் நிற்கின்றன.

அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேராகா, அவற்றின் கூட்டத்திற்கே தேர் என்று பெயர் என மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் விளக்கியதாகப் பௌத்த மரபு கூறும். மின்வண்டிக்கோ அக்கூட்டம் பெட்டிச் சுவர்களுக்கு அப்பாலும் பரந்தது: மின்நிலையமும், மூன்றாம் தண்டவாளமும், காலையில் அலுவலகம் விரையும் ஜனங்களும் அதன் அங்கங்களே. கோவென்ட்ரி நகருக்கருகே மின்வண்டிகளுக்கென்றே இருந்த அருங்காட்சியகம் 2017-இல் மூடப்பட்டமை, நிற்கும் உடலுக்குங்கூட நிலமும் மனிதர்களும் வேண்டும் என்பதையே உணர்த்துகின்றது.

அப்படியாயின் பேணுதல் வீணோ? அன்று. எப்பொருளும் தனித்து வாழ்வதில்லை என்பதை ஒப்புக்கொண்டு செய்யும் பேணுதலே மெய்யானது. இரும்பைக் காப்பவர், அதன் மோட்டாரைப் பிரித்துப் பூட்டும் கைத்திறனையும், அதற்கு உயிரளித்த மின்னமைப்பின் அறிவையும், அதனை விலக்கவேண்டி வந்த துயரத்தின் நினைவையும் உடன் காத்து இளையோர்க்கு ஒப்புவிப்பாராயின், முழுமையை மீட்க இயலாவிடினும், அம்முழுமை இன்னதென்று பின்வருவோர் அறியும் வழியை அடைக்காமல் வைத்தவராவர். மனிதரால் ஆகக்கூடிய பாதுகாப்பு அவ்வளவே, அது சிறிதும் அன்று.