சும்மா நடப்பது

நடப்பதற்குக் காரணம் வேண்டுமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் தத்துவப் பேராசிரியர் அல்லர். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, ஊத்தங்கரையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு ஆண்டுதோறும் புளி கொண்டுவந்து போடுகிற ஒரு பெரியவர். சென்ற பங்குனியில் நான் அங்கே போயிருந்தபோது அவரும் வந்திருந்தார். தங்கையின் மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். கம்பெனியார் அவனை ஆறு மாதம் ஸ்வீடனுக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவன், ஸ்டாக்ஹோமுக்கு அருகே டூரெஸ்டா என்ற வனத்தில் தான் நடந்த பாதைகளைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருந்தான். வானளாவிய பைன் மரங்கள். பாசி போர்த்திய பாறைகள். சதுப்பு நிலத்தின் மேல் பலகை பரப்பிய நடைவழி. இடையிடையே மரங்களில் வர்ணத்தால் இட்ட அடையாளங்கள்.

பெரியவர் படத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"மரத்துல எதுக்குத் தம்பி வர்ணம் பூசியிருக்காங்க? வெட்டப் போறாங்களா?"

"இல்லீங்க தாத்தா. நடக்கிறவங்க வழி தவறிடக் கூடாதுன்னு."

"வழி தெரியாதவங்க எதுக்குக் காட்டுக்குள்ள போறாங்க?"

"சும்மா, நடக்கத்தான்."

"சும்மாவா!" என்று பெரியவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஏன் சாமி, சும்மா யாராச்சும் மலை ஏறுவாங்களா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அவருடைய அனுபவத்தில் பாதை என்பது தேவை போட்ட கோடு. புளியும் தேனும் சாமையும் பலாப்பழமும் அந்த வழியாகத்தான் தலைச்சுமையாகச் சிங்காரப்பேட்டைக்கு இறங்கின. உப்பும் துணியும் அதே வழியாக ஏறின. பிரசவ வேதனையில் துடித்த பெண்களைக் கட்டிலில் கிடத்தித் தூக்கி வந்ததும் அந்த வழிதான். எஞ்சினீயர் யாரும் அதற்குத் திட்டம் வகுக்கவில்லை. கால்கள் வகுத்தன. மழை எங்கே அரிக்கும், எங்கே நிழல் உண்டு, எங்கே சுனை வற்றாது என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பாதை வளைந்து போகிறது. தலைச்சுமைக்காரன் இளைப்பாறச் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தவர்கள் நம் முன்னோர். அதுவும் கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக நட்டார்கள். பாதையைப் பற்றி இதைவிடக் கனிந்த ஓர் எண்ணம் வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

காலால் போட்ட இந்தப் பாதைக்கு 1882-இல் ஓர் எஜமான் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டின் சென்னை வனச் சட்டப்படி ஒரு காடு 'ரிசர்வ்' ஆகும்போது, அதனுள் எனக்கு வழி உண்டு என்கிறவன் அதற்கென நியமித்த அதிகாரியிடம் தன் உரிமையைச் சொல்லி நிலைநாட்டிக்கொள்ள வேண்டும். பாட்டன் காலால் எழுதிய பத்திரத்தைப் பேரன் காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டும்! எழுத்தறியாதவன் எத்தனை பேர் அப்படிக் காட்டியிருப்பான்? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்து இந்தப் பழைய அநியாயத்தை ஒப்புக்கொள்ள நூற்றிருபத்து நான்கு வருஷம் பிடித்தது.

ஆனால் ஸ்வீடனில் நிலைமை வேறாம். அந்த நாட்டில் எவரும் எவருடைய காட்டிலும் நடக்கலாம். சீட்டு வாங்க வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம். வீட்டு முற்றத்திலும் பயிர் நிற்கும் வயலிலும் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். பழங்காலத்து வழக்கமாக இருந்த இந்த உரிமையை 1994-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். இதற்கு எதிர்க்கடமை இரண்டே: தொந்தரவு செய்யாதே, நாசம் செய்யாதே. டூரெஸ்டா போன்ற காப்பிடங்களில் மட்டும், நெருப்பு எங்கே மூட்டலாம் என்பது போன்ற தனி விதிகள் உண்டு.

இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பொறாமை. அதைவிட அதிகமாகக் கோபம். நம் ராஜ்யத்தில் 2024 அக்டோபரில் நாற்பது மலைப்பாதைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குத்திராயன் சிகரமும் அவற்றில் ஒன்று. பெயர் பதிய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், வழிகாட்டியோடுதான் போக வேண்டும். "நடப்பதற்குமா கட்டணம்? இனி மூச்சு விடுவதற்கும் சீட்டுக் கிழிப்பார்கள்!" என்று நான் பொரிந்து தள்ளினேன்.

"குரங்கணியை மறந்துட்டீங்களா மாமா?" என்றான் மருமகன்.

மறக்கவில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த இளைஞர்களையும் பெண்களையும் காட்டுத் தீ வளைத்துக்கொண்டது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களும் சும்மா நடக்கப் போனவர்கள்தாம். மனிதன் வேலை, சம்பளம், டிராபிக் எல்லாவற்றையும் இரண்டு நாள் மறந்திருக்க ஆசைப்படுவது ஒரு குற்றமா? ஆனால் பங்குனி வெயிலில் காய்ந்து நிற்கும் கோரைப் புல் என்ன செய்யும் என்பதை மலையடிவாரத்துச் சிறுவன் அறிவான். சென்னையிலிருந்து போன பட்டதாரி அறியமாட்டான். அதன் பிறகே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. இப்போது தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். வழிகாட்டிகளாக வருகிறவர்களில் பலர் அந்தந்த மலையைச் சேர்ந்த பிள்ளைகள். பாட்டன் பத்திரம் இல்லாமல் இழந்த வழியில் பேரன் சம்பளம் வாங்கிக்கொண்டு நடக்கிறான் என்பது வேடிக்கைதான். ஆனால் மோசமான வேடிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்வீடனிலும் தீப்பிடிக்காமல் இல்லை. மருமகன் நடந்த அதே டூரெஸ்டாவில் 1999 ஆகஸ்டில் சுமார் 450 ஹெக்டேர் காடு எரிந்து போயிற்று. அதற்காக அவர்கள் ஜனங்களின் உரிமையைப் பறித்துவிடவில்லை. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? அவர்கள் ஜனத்தொகை குறைவு, ராகி விளைந்ததும் யானைக் கூட்டம் இறங்கி வருகிற ஓசூர்க் காடு அங்கே இல்லை என்றெல்லாம் சமாதானம் சொல்லலாம். வாஸ்தவந்தான். ஆனாலும் அந்தச் சமாதானத்துக்குள் ஒளிந்துகொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காரணம், ஒரு பழைய சம்பவம்.

பல வருஷங்களுக்கு முன்பு, இதே பெரியவரோடு சிங்காரப்பேட்டைப் பக்கமிருந்து அவருடைய ஊருக்கு ஏறினேன். அவர் தலையில் அரிசி மூட்டை. என் கையில் சிகரெட். காட்சிகளின் அழகில் மயங்கியபடி நான் முன்னே போய்க்கொண்டிருந்தேன். ஹைதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயருக்கும் 1767-இல் சண்டை நடந்த செங்கம் கணவாய்ப் பக்கம் இது என்று அவருக்குச் சரித்திரம் வேறு சொல்லிக்கொண்டு வந்தேன். சற்றுத் தூரம் போனதும் பின்னால் காலடி ஓசை கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்திருந்தார். நான் வீசி எறிந்த சிகரெட் துண்டைக் கோலின் நுனியால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தார். அது ஆறும்வரை நின்றார். பிறகு அதை எடுத்து, தம் மடியில் செருகிக்கொண்டார். மூட்டையை மறுபடி தலைக்கு ஏற்ற என்னைக் கை கொடுக்கச் சொன்னார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று எனக்கு ஸ்வீடன்காரனின் உரிமை முழுவதும் இருந்தது. சீட்டில்லை, காவலில்லை, கட்டணமில்லை. அந்த உரிமைக்கு வேண்டிய மறுபாதி அவருடைய மடியில் இருந்தது.

தேவைக்காக நடக்கிறவன் பாதையைப் பார்க்கிறான். சும்மா நடக்கிறவன் காட்சியைப் பார்க்கிறான் என்று அப்போது ஒரு சித்தாந்தம் கூட மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். அது மாலைவரை கூட நிலைக்கவில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பாறையில் பெரியவர் மூட்டையை இறக்கி வைத்தார். கீழே ஏரிகளும் தென்னந்தோப்புகளும் மங்கிய வெயிலில் கிடந்தன. வியர்வை ஆறியது, தண்ணீர் குடித்தோம், அவர் எழுந்திருக்கவில்லை. கால்மணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். "களைப்பா?" என்று கேட்டேன். "இல்லீங்க சாமி, சும்மாதான்" என்றார்.

இந்தப் பங்குனியில் அவர் 'சும்மாவா!' என்று சிரித்தபோது அந்தப் பாறையை நினைவூட்ட வேண்டுமென்று என் நாக்கு துடித்தது. நினைவூட்டினால் சிகரெட் துண்டும் அவருக்கு ஞாபகம் வந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் புளிக்கு உண்டான பணத்தை எண்ணி வாங்கி மடியில் முடிந்துகொண்டு, சிங்காரப்பேட்டை பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டார்.